கோத்தகிரிக் கண்ணாடிக் கடை: ஒரு பறவை ஓவியருக்குப் பன்னிரண்டு சட்டங்கள்

கோத்தகிரி மார்க்கெட்டுக்குப் பின்னால் படிக்கட்டாக இறங்கும் சந்தில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, சாமி படம், கல்யாணப் படம் என்று எதைக் கொண்டுபோனாலும் வெட்டியோ ஒட்டியோ தந்துவிடும் இந்தக் கடையை ஊரில் சிலர் கண்ணாடிக் கடை என்பார்கள், பெரும்பாலானோர் பாய் கடை என்பார்கள். சென்ற ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பன்னிரண்டு படங்களுக்கு இங்கே சட்டம் போட்டுக்கொண்டேன். என்ன நன்றாக இருந்தது, எங்கே தவறு நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நான் கொண்டுபோனவை சாமி படங்களும் அல்ல, குடும்பப் படங்களும் அல்ல. இதே கோத்தகிரியில் வாழ்ந்து, இங்குள்ள பறவைகளையும் செடிகளையும் வரைந்து, இங்குள்ளவர்களுக்கே அநேகமாகத் தெரியாமல் போன ஒரு பெண்ணின் நீர்வண்ண ஓவியங்களின் அச்சுப் பிரதிகள் அவை.

அவர் பெயர் மார்கரெட் புஷ்பி லாசெல்ஸ் காக்பர்ன். ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் காக்பர்ன் என்றுதான் வாசிக்கத் தோன்றும். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதைக் கோபர்ன் என்றே உச்சரிப்பார்கள் என்பதால் இனி அப்படியே எழுதுகிறேன். 1829-இல் சேலத்தில் பிறந்தவர். தந்தை எம்.டி. கோபர்ன் கம்பெனி ஆட்சியில் அதிகாரியாக இருந்தவர், கோத்தகிரிப் பக்கம் காப்பி பயிரிட்ட முன்னோடிகளில் ஒருவர். மகளோ 1863-இல் இங்கே ஆல்போர்ட்ஸ் என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். நீலகிரியின் தொடக்ககாலத் தேயிலைத் தோட்டங்களில் அதுவும் ஒன்று. மறைந்தது 1928-இல். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், கோத்தகிரிக்குப் பக்கத்துக் கன்னேரிமுக்கில் நீலகிரியின் முதல் ஐரோப்பிய வீட்டைக் கட்டிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தபோது பிறந்து, ஊட்டிக்கு ரயில் வந்து இருபது ஆண்டுகள் ஆனபிறகு இறந்திருக்கிறார். அத்தனை நீண்ட ஆயுளில், தோட்டக் கணக்கு பார்த்த நேரம் போக, தம்மைச் சுற்றி இருந்தவற்றைத் தூரிகையாலும் பேனாவாலும் பதிந்து வைத்திருக்கிறார்.

‘நீலகிரிப் பறவைகளும் பிறவும்’ என்று பொருள்படும் தலைப்பில், 1858 என்று ஆண்டு குறிக்கப்பட்ட அவருடைய ஓவியத் தொகுப்பு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை வரைந்தபோது அவருக்கு இருபத்தொன்பது வயது. ஓவியர் ஒருவரின் கண்காட்சி வாழ்க்கை என்று நாம் வழக்கமாகச் சொல்வதை இவரிடம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். படங்கள் போய்ச் சேர்ந்தது அருங்காட்சியகத்தின் அலமாரி. பெயர் போய்ச் சேர்ந்தது ஏ.ஓ. ஹ்யூமின் புத்தகம். காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராக நாம் பாடப்புத்தகத்தில் படித்த அதே ஹ்யூம்தான். பறவை ஆராய்ச்சியில் அவருக்கிருந்த வெறியைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. நாடு முழுவதும் பறவை பார்ப்பவர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்து, இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி 1873-இல் அவர் வெளியிட்ட நூலில், கோத்தகிரியிலிருந்து வந்த குறிப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அங்கே மார்கரெட்டும் இல்லை, புஷ்பியும் இல்லை. வெறும் மிஸ் கோபர்ன்தான்.

அந்தக் குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது நீலகிரிச் சிரிப்பானைப் பற்றியது. நம் வேலியோரப் புதர்களில் கூட்டமாக வந்து ஒன்று தொடங்க மற்றவை சேர்ந்துகொண்டு சிரிக்கும் அந்தப் பறவைக்கு அறிவியல் பெயரிட்டு 1839-இல் விவரித்தவர் பறவை ஆராய்ச்சியாளர் ஜெர்டன். ஆனால் அது எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்று கிட்டே போய்ப் பார்த்து எழுதியவர்களில் மார்கரெட்டும் ஒருவர். அடர்ந்த புதரின் கவட்டைக் கிளையைத் தேர்ந்தெடுத்து, முதலில் ஏராளமாகப் பாசியை வைத்து, அதற்குமேல் மெல்லிய புல்லும் வேரும் பரப்பி, பெருவியன் செரியின் உலர்ந்த நார்த் தோலையும் சேர்த்து, கடைசியில் சில இறகுகளை வைத்து முடிக்கும் என்று எழுதியிருக்கிறார். பெருவியன் செரி என்றவுடன் ஏதோ சீமைப் பழம் என்று நினைக்க வேண்டாம். நம் சொடக்குத் தக்காளிக்கு உறவு. காகிதப் பைக்குள் சுருட்டி வைத்ததுபோல் மஞ்சளாகக் காய்த்து இங்குள்ள வேலிகளில் கிடக்கிறதே, அதுதான். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடியின் சருகை நீலகிரிக்கே உரிய பறவை தன் கூட்டுக்கு மெத்தையாக்கிக்கொண்டதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கவனித்து எழுதி வைத்திருக்கிறார் என்றால், அந்தக் கண் எப்படிப்பட்ட கண் என்று யோசித்துப் பார்க்கலாம். வரைவதற்காக உற்றுப் பார்த்துப் பழகிய கண்ணாகத்தான் அது இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இடையில் ஒரு செய்தி. மார்கரெட்டின் தொகுப்பில் குறிக்கப்பட்ட அதே 1858-இல்தான் கவர்னர் ஜெனரலின் மனைவி லேடி கானிங் நீலகிரிக்கு வந்து தங்கினார். அவரும் நீர்வண்ணத்தில் வல்லவர். அவருடைய ஏறத்தாழ 350 ஓவியங்கள் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வங்காளத்தில் அவர் பெயரால் லெடிகெனி என்று ஓர் இனிப்புகூட உண்டு. சில மாதம் தங்கிப் போனவருக்கு இனிப்பு. ஆயுள் முழுக்க இருந்தவருக்குக் கோத்தகிரி பேக்கரிகளில் ஒரு வர்க்கி கூடக் கிடையாது.

எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் படக ஊரில், சிறுவர்கள் படிப்பதற்கென்று ஓர் அறை இருக்கிறது. அதன் சுவரில் ஒன்பது ஓவியங்களையும், கூட்டுக் குறிப்புகளைத் தமிழில் சுருக்கி நான் எழுதிய மூன்று தாள்களையும் மாட்ட வேண்டும், அதுவும் படகர்களின் பெரிய திருவிழாவான ஹெத்தெ ஹப்பாவுக்கு வெளியூர்களிலிருந்து எல்லோரும் வந்து சேர்வதற்குள் மாட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. படங்களைக் கோயம்புத்தூரில் ஏ3 அளவில், 300 ஜி.எஸ்.எம். பருத்திக் காகிதத்தில் அச்சடித்து வாங்கினேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஓவியரின் முழுப் பெயரையும், பிறப்பு இறப்பு ஆண்டுகளையும், ஊரையும் ஒரே வரியில் சேர்க்கச் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிதான் பின்னால் வம்பில் கொண்டுபோய் விட்டது.

பாய் முதலில் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. பிரதிகளை உருளையிலிருந்து எடுத்தவுடன் விரித்துப் பார்க்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு வந்து, மேசையில் கிடந்த பழைய நாளிதழை அகற்றிவிட்டு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் வைத்து, நான்கு மூலையிலும் கண்ணாடித் துண்டுகளைப் பாரமாக வைத்தார். “நியூஸ்பேப்பர் மை ஒட்டும் டீச்சர்” என்றார். பிறகு மவுண்ட், அதாவது சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையின் நிறம். நான் வெள்ளை என்றேன். அவர் வெள்ளை, தந்தம், பழுப்பு என்று மூன்று துண்டுகளைப் படத்தின் ஓரத்தில் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். பழைய ஓவியத்தின் காகிதமே சற்று மஞ்சள் ஏறியது. அதன் பக்கத்தில் பளிச்சென்ற வெள்ளையை வைத்தால் ஓவியம் அழுக்காகத் தெரிந்தது, தந்த நிறத்தை வைத்தவுடன் பறவையின் சிறகில் இருந்த வெள்ளை மேலே எழுந்து வந்தது. ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிட்டார். சாமி படத்துக்கும் இதே கவனம்தானா என்று கேட்டேன். சாமிக்குச் சிவப்பு வெல்வெட்தான் கேட்பார்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று சிரித்தார்.

சட்டத்துக்கு மூன்று வகை பீடிங், அதாவது சட்டப் பட்டை, வைத்திருக்கிறார். பளபளக்கும் தங்க நிறம், தேக்கு நிறத்தில் பைபர், பிறகு ஆசாரி ஒருவரிடம் சில்வர் ஓக்கில் இழைத்து வாங்கிய முக்கால் அங்குல மர பீடிங். நான் மரம் என்றதும் அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஐப்பசி மழைக்கு மரம் ஊதும், பங்குனி வெயிலுக்குச் சுருங்கும், மூலை வாய் பிளக்கும் என்று எச்சரித்தார். கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையை தொட்டபெட்டா மறித்துவிடுகிறது. நமக்கு வடகிழக்குதான் கணக்கு, அதுவும் வந்தால் வாரக்கணக்கில் சுவரே வியர்க்கும். அதனால் இந்த எச்சரிக்கையை வியாபாரப் பேச்சாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் மரமே வேண்டும் என்றேன். தேயிலைக்கு நிழலாக நிற்கும் மரம் தேயிலை பயிரிட்டவரின் படத்தைச் சுற்றி இருக்கட்டுமே என்று ஓர் ஆசை. அதை அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு மூலையிலும் உள்பக்கம் முக்கோணத் துண்டு வைத்து இறுக்கித் தருவதாக அவரே சொன்னார். செய்தும் தந்தார். மூன்று மாதம் ஆகிறது, ஒரு மூலையும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் முழுத் தீர்ப்புச் சொல்லப் பங்குனி வரவேண்டும்.

மவுண்ட் வெட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இயந்திரம் இல்லை. எஃகு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்தியை 45 பாகை சாய்த்து, ஒரே இழுப்பில் கொண்டுபோகிறார். வெட்டு சாய்வாக விழுவதால், படம் தெரிய அட்டையில் திறக்கும் ஜன்னலின் உள்விளிம்பு முழுக்க ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது. அந்தக் கோடுதான் படத்தை ஒரு படி உள்ளே இறக்கிக் காட்டுகிறது. சிக்கல் மூலையில். கத்தி ஒரு நூல் முன்னே நின்றால் அட்டை பிய்ந்து வரும், ஒரு நூல் தாண்டினால் மூலையில் கீறல் தெரியும். பன்னிரண்டு மவுண்டுகள், நாற்பத்தெட்டு மூலைகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் ஐந்து மூலைகளில் கத்தி தாண்டியிருக்கிறது. கையால் வெட்டியதற்கு இது நல்ல கணக்கு என்றே நினைக்கிறேன். கண்ணாடியும் அச்சும் ஒன்றையொன்று தொடாமல் மவுண்ட் இடைவெளி தருவது நம் ஊரில் மிக முக்கியம். தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் புகுந்து காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும். மவுண்ட் வேண்டாம் என்று ஐம்பது நூறு மிச்சம் பிடிப்பவர்கள் இதை யோசித்துக்கொள்வது நல்லது.

வேலை நடந்துகொண்டிருந்தபோது, படங்கள் யாருடையவை என்று பாயின் மனைவி கேட்டார். சொன்னேன். சிரிப்பான் கூட்டைப் பற்றிய தாளை வாசித்தும் காட்டினேன். அந்தப் பழத்தின் பையைத் தம் பேரன் ஊதி வெடித்து விளையாடுவான் என்றார் அவர். பாய்க்கு வேறு சந்தேகம். “கவுனைப் போட்டுக்கிட்டுப் புதருக்குள்ள எப்படி டீச்சர் நுழைஞ்சிருப்பாங்க? கூட்டை எடுத்துக் கொடுத்தது நம்ம பசங்களாத்தான் இருக்கும்” என்றார். நியாயமான சந்தேகம். தோட்டங்களையும் பங்களாக்களையும் பற்றிய எந்தப் பழைய குறிப்பை வாசித்தாலும் இந்தக் கேள்வியைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோத்தர்கள் பெயரில் இருக்கும் மலை, படகர்களின் ஹட்டிகள், குறும்பர்கள் அறிந்த காடு. இவற்றின் நடுவே உட்கார்ந்துதான் மார்கரெட் வரைந்தார். அதனால் அவர் கண்ணின் கூர்மை குறைந்துவிடாது, ஆனால் அவர் மட்டும்தான் பார்த்தார் என்று மூன்றாவது தாளில் நான் எழுதியிருந்த வாக்கியம் ஒன்றை அன்றிரவே அடித்துத் திருத்தினேன். சட்டக்கடைக்காரர் திருத்திய கட்டுரை என்று அதைச் சொல்லலாம்.

இனி தவறு. கார்த்திகைக் கடைசியில் முதல் தவணையாக ஆறு படங்களை வாங்கி வீட்டில் பிரித்துப் பார்த்தபோது, நான்கில் ஓவியரின் பெயரைக் காணவில்லை. அச்சின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள மவுண்ட் ஜன்னலைச் சுற்றிலும் கொஞ்சம் சிறியதாக வெட்டுவது வழக்கம். பெயர் வரி விளிம்புக்கு மிக அருகில் இருந்ததால் அட்டை அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒன்றில் ‘மார்கரெட்’ என்ற சொல்லின் மேற்பாதி மட்டும் எட்டிப் பார்த்தது. ஹ்யூமின் நூலில் பாதிப் பெயர், பாய் கடையில் அதுவும் போயிற்று என்று எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். பாய் வாதாடவில்லை, ஆனால் ஒன்று கேட்டார். படம்தானே முக்கியம், பெயர் இல்லாவிட்டால் என்ன, சாமி படத்தில் வரைந்தவர் பெயரை யார் பார்க்கிறார்கள்? அச்சகம் விளிம்பில் இரண்டு நூல் இடம்தான் விட்டிருந்தது என்பதும், அதை நான் முன்கூட்டியே அவரிடம் காட்டவில்லை என்பதும் உண்மை. ஆகவே பழியில் பாதி என்னுடையது. ஆனால் வெட்டுவதற்கு முன் எழுத்து மறைகிறதே என்று ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். அது கடையின் பாதி.

நான்கையும் பிரித்து, கீழ்ப்பக்கம் மட்டும் அகலமாக ஜன்னல் வைத்துப் புது மவுண்ட் வெட்டித் தந்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. ஆனால் பிரித்து மாட்டியதில் ஒரு படத்தின் கண்ணாடிக்கு உள்பக்கம் விரல் ரேகை பதிந்துவிட்டது. சாய்வெயிலில் மட்டும் தெரிகிறது. அதைச் சொன்னபோதும் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். ஒப்புக்கொண்ட நாளுக்குப் பதினொரு நாள் தாமதம். அதில் நான்கு நாள் மின்சாரம் இல்லாமல் போனது, மீதி ஒரு கல்யாண ஆல்பம் வேலை குறுக்கே வந்தது. தாமதத்தை முன்கூட்டியே சொல்லும் வழக்கம் கடையில் இல்லை. நாமேதான் படி இறங்கிப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சட்டத்துக்கு மவுண்ட், கண்ணாடி, மர பீடிங், மாட்டும் கம்பி எல்லாம் சேர்த்து 780 ரூபாய் வீதம் பன்னிரண்டுக்கு 9,360 ரூபாய் ஆயிற்று. கோயம்புத்தூரில் இதே வேலைக்கு நான் விசாரித்த விலை இதைவிட அதிகம், ஆனால் அங்கே அமிலமில்லாத அட்டை தருவதாகச் சொன்னார்கள். இங்கே பின்பக்கம் வைப்பது சாதாரண ஹார்ட்போர்டு. அது நாளடைவில் காகிதத்தை மஞ்சளாக்கும் என்பதை நான் கேட்ட பிறகுதான் பாய் சொன்னார். நடுவில் வைக்க நல்ல தாள் நாமே வாங்கிக் கொடுத்தால் வைத்துத் தருகிறார். கண்ணாடியும் சாதாரண 2 மி.மீ. கண்ணாடிதான், வெயிலைத் தடுக்கும் வகை இல்லை. அச்சுப் பிரதிக்கு இவை போதும். மூல ஓவியமோ தாத்தா காலத்துப் புகைப்படமோ இருந்தால் இந்தக் கடைக்குக் கொண்டுபோகச் சொல்ல மாட்டேன்.

ஹப்பாவுக்கு இரண்டு நாள் முன்பு பதினொரு சட்டங்களை, வெயில் நேராகப் படாத வடக்குச் சுவரில் மாட்டினோம். வந்தவர்களில் பெரியவர்கள் முதலில் பறவையைப் பார்த்துப் பெயர் சொல்லப் போட்டி போட்டார்கள். பிள்ளைகள்தான் அடியிலிருந்த வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். லாசெல்ஸ் என்ற இடத்தில் எல்லோருக்கும் நாக்கு தடுக்கியது. தாளொன்றில் ஆல்போர்ட்ஸ் என்று படித்தவுடன் ஒரு பாட்டி, அது தோட்டத்தின் பெயரல்லவா, ஆளின் பெயரா என்று கேட்டார்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகக் கடையை மூடிவிடுவார், மூன்று மணிக்குமேல் திறப்பார். யு.பி.ஐ. வாங்குவார், பில் கேட்டால் கையால் எழுதித் தருவார். அச்சடிக்கும்போதே நான்கு பக்கமும் ஓர் அங்குலம் வெற்றிடம் விட்டுக்கொள்ளுங்கள், எழுத்து இருந்தால் அதைப் பென்சிலால் சுற்றிக் காட்டிவிடுங்கள். என்னுடைய பன்னிரண்டாவது சட்டம், விரல் ரேகை விழுந்தது, இன்னும் அவருடைய கடையில்தான் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. நேற்றுப் போனபோது அதைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் இது விலைக்கா என்று கேட்டதாகச் சொன்னார். திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.